வேகம் தணிந்த லினக்ஸ்

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், மூலநிரல் எவர்க்கும் திறந்திருக்கும் இயங்குதளமாகும். 2001-ஆம் ஆண்டில் அதற்கென நூறு கோடி டாலர் செலவிடுவதாக ஐ.பி.எம். அறிவித்தது. வணிக நிறுவனங்களின் சர்வர்களில் லினக்ஸ் விரைந்து பரவிற்று. எனினும் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அவ்வேகம் தணிந்தது. காரணம் யாது?

லினக்ஸ் பெற்ற இடங்களுள் பல, விலையுயர்ந்த யூனிக்ஸ் இயந்திரங்கள் விட்டுச்சென்றவை. ஒத்த இனமாதலின் மாற்றம் எளிதாயிற்று. விண்டோஸ் வேரூன்றிய அலுவலகங்களிலோ அஞ்சலும் பயனர் பதிவேடும் அதனோடு பிணைந்திருந்தன. உரிமக் கட்டணம் மிச்சமாயினும், ஊழியரைப் பயிற்றவும் மென்பொருளை மாற்றவும் பொருள் வேண்டும். வாடகை குறைவென்று மட்டும் எவரும் வீடு மாறுவதில்லை. மூட்டை கட்டும் செலவையும் எண்ணுவர். ஊர்விட்டு ஊர்வந்த நாம் இதனை அறிவோம்.

2006-இல் அமேசான் தொடங்கிய இணையவழிக் கணினிச் சேவையோ, எவரையும் குடிபெயர்க்க வேண்டாத புதுநிலமாயிற்று. லினக்ஸ் அங்கே மீண்டும் தழைத்தது.