மோட்டார் சைக்கிளுக்கு 'குரூஸ் கொன்ட்ரோல்': கைக் காயமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

வன்னியில் இருந்து வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வருபவர்களில் போரில் கை காயப்பட்டவர்களும் உள்ளனர். நானும் அவர்களில் ஒருவன். ஏ-9 வீதியில் ஒரு மணித்தியாலம் அக்சிலேற்றரைத் திருகிப் பிடித்தாலே, செல் துண்டு பட்ட என் வலது மணிக்கட்டு விறைத்துவிடும். ஆகவே 'குரூஸ் கொன்ட்ரோல் பூட்டலாமா' என்று நாங்கள் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல.

இந்தக் கருவியை உருவாக்கிய அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் ரீற்றர், ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். 1950 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958 இல் கிறைஸ்லர் நிறுவனம் அதைத் தனது கார்களில் பொருத்தியது. இன்றைய மின்னணுக் கருவி வாகனத்தின் வேகத்தை அளந்து, ஏற்றத்தில் கூட்டியும் இறக்கத்தில் குறைத்தும் எரிபொருளைக் கொடுக்கிறது. பிறேக்கைத் தொட்டவுடன் தானாகவே விடுபடுகிறது.

ஆனால் குறைந்த விலைக்கு 'குரூஸ் கொன்ட்ரோல்' என்று விற்கப்படுபவற்றில் பல வெறும் பூட்டுக்களே. அவை கைப்பிடியைத் திருகிய இடத்தில் இறுக்கி வைக்கும். வேகத்தை அளக்காது. பிறேக் பிடித்தாலும் விடாது. கைப்பிடியை நீங்களே திருப்பி மூட வேண்டும்.

எங்களுக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பூட்டை விடுவிப்பதும் வலது கை, முன் பிறேக்கைப் பிடிப்பதும் வலது கை. மாலை நேரத்தில் மாடு குறுக்கே வந்தால், விறைத்த விரல்கள் இரண்டு வேலையையும் ஒரே நொடியில் செய்ய வேண்டும். யாருக்கு இந்தப் பூட்டு அதிகம் தேவைப்படுகிறதோ, அவருக்கே அதை விடுவிக்கும் பலம் குறைவு.

கேபிள் மூலம் இயங்கும் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு உண்மையான கருவியைப் பூட்டுவதென்றால், கேபிளை இழுக்கும் மோட்டர், வேக உணரி, பிறேக், கிளச் சுவிச்சுகளுக்கான வயர்கள் என எல்லாம் வேண்டும். செலவுக்கு ஏற்ற பயன் கிடைக்காது. மின்னணு அக்சிலேற்றர் உள்ள பெரிய வண்டிகளிலேயே இது இலகு.

நான் பாவிப்பது கைப்பிடியில் மாட்டும் சிறிய உள்ளங்கைத் தாங்கி. விரல்களால் இறுக்காமல் உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். கையை எடுத்தால் அக்சிலேற்றர் தானாக மூடிவிடும். பிறேக் பிடிக்கும்போது உள்ளங்கை அதை அழுத்தாதபடி கோணத்தைச் சரிசெய்து பூட்டுங்கள்.

எதைப் பூட்டினாலும், கராச்சை விட்டு வெளியேற முன்னர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பிடியை முழுதாகத் திருகி விடுங்கள். பூட்டு விடுபட்ட நிலையில் அது உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மணிக்கட்டு விறைத்தால் வீதியோரம் நிறுத்தி ஆறிப் போவதே இன்றும் பாதுகாப்பான வழி.