புண் மூடினால் ஆறியதாகாது

உழவு மாட்டின் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து புண் உண்டாகிறது. பொருக்குக் கட்டியதும் மீண்டும் ஏரில் பூட்டினால் அதே இடம் பிய்ந்து விடுகிறது. தோலுக்கு அடியில் நடக்கும் வேலை முடியாததே இதற்குக் காரணம்.

காயம் பட்டதும் இரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி, வலை போல் பின்னி இரத்தத்தை நிறுத்துகிறது. அடுத்து வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த சதையையும் விழுங்கிச் சுத்தம் செய்கின்றன.

பிறகு கொல்லாஜன் என்ற புரதம் உற்பத்தியாகிறது. முப்புரிக் கயிறு போல மூன்று இழைகள் முறுக்கிக் கொண்டதே ஒரு கொல்லாஜன் மூலக்கூறு. கயிறு முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். மாடு இதைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக் கொள்கிறது. கயிறுகளை ஒன்றோடொன்று பிணைக்கத் தாமிரச் சத்து வேண்டும். இது தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும். ஆகவே புண்பட்ட மாட்டுக்குப் பசுந்தீவனம், பிண்ணாக்குடன் தாது உப்புக் கலவையும் கொடுப்பது நல்லது.

பிணைப்பு மெதுவாகவே நடக்கும். ஆழமான புண்ணில் 3 வாரம் கழித்தும் பழைய தோலின் வலுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே திரும்பியிருக்கும். 3 மாதத்தில் சுமார் 80 சதவீதம் வரலாம். முழு வலு திரும்புவதில்லை.

கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துப் புண்ணைக் கழுவலாம். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு தடவக் கூடாது. அவை புதிதாக வளரும் திசுவையும் அழித்து விடும். புழு வைத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொருக்கு உதிர்ந்த பின்னும் சில வாரம் ஓய்வு கொடுத்து, நுகத்தடியில் மெத்தென்ற துணி சுற்றி, இலேசான வேலையிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்பட்டுப் பூட்டினால் உழவுப் பருவம் முழுவதும் மாடு தொழுவத்திலேயே நிற்க நேரிடும்.