மூன்று அலுவலகங்களில் ஒரு குழந்தை

கலிபோர்னியாவில் குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறும். அந்தக் குழந்தையை வீட்டில் அடிக்கிறார்கள் என்று ஆசிரியரோ மருத்துவரோ பக்கத்து வீட்டுக்காரரோ தொலைபேசியில் சொன்னால், குழந்தைகள் நலத்துறையில் ஒரு கோப்பு திறக்கும். குழந்தை இறந்துபோனால் இறப்புப் பதிவேடு. மூன்றும் தனித்தனிப் பதிவுகள். ஒன்றில் எழுதியிருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

எமிலி புட்னம்-ஹார்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இந்த மூன்றையும் இணைத்துப் பார்த்தார். 1999 முதல் 2006 வரை அந்த மாநிலத்தில் பிறந்த சுமார் 43 லட்சம் குழந்தைகளின் பதிவுகள் அவை. 2011இல் வெளியான முடிவு இது: ஐந்து வயதுக்குள் காயத்தால் சாகும் ஆபத்தை மற்ற எந்த விவரத்தையும்விட வலுவாகக் காட்டியது, அந்தக் குழந்தையைப் பற்றி அதற்கு முன் வந்திருந்த ஒரு புகார். புகார் வந்த குழந்தைகள், பிறர் வேண்டுமென்றே ஏற்படுத்திய காயத்தால் இறக்கும் விகிதம் மற்றக் குழந்தைகளைவிட 5.9 மடங்கு. விபத்துக் காயங்களில் அது இரண்டு மடங்கு.

கோப்பைக் கையில் வைத்திருக்கும் ஊழியருக்கு இது தெரிய வழியே இல்லை. அவர் பார்ப்பது ஒரு வீடு, ஒரு தாய், ஒரு மாலைப்பொழுது. ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதி மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். லட்சக்கணக்கான கோப்புகளை ஒருசேரப் பார்ப்பவருக்குத்தான் இந்த உண்மை புலப்படும்.

எப்படி இணைத்தார்கள்? எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவான எண் கிடையாது. பெயரில் எழுத்துப் பிழை இருக்கும், தேதி மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். இந்தச் சிக்கலுக்கான விடை அணு ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வு மையத்தில் வேலை பார்த்த ஹோவர்ட் நியூகோம், கதிர்வீச்சு தலைமுறைகளை எப்படிப் பாதிக்கிறது என்று அறிய, திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கணினியால் சேர்த்தார். அந்த முறை 1959இல் வெளியானது. பத்து ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் புள்ளிவிவரத் துறையிலிருந்த ஐவன் ஃபெலெகியும் ஆலன் சன்டரும் அதற்குக் கணித அடித்தளம் இட்டார்கள்.

கருத்து எளிது. இரண்டு பதிவுகளில் ‘பெண்’ என்று இருந்தால் அது பெரிய சான்று அல்ல. தற்செயலாகவே பாதிக்குப் பாதி பொருந்தும். பிறந்த நாளும் மாதமும் பொருந்தினால் கனம் கூடுகிறது. தற்செயலாக அப்படி அமைய ஏறக்குறைய 365இல் ஒரு வாய்ப்புதான். கலிபோர்னியாவில் கார்சியா என்ற குடும்பப்பெயர் பொருந்தினால் கொஞ்சம் மதிப்பு, அரிதான பெயர் பொருந்தினால் அதிக மதிப்பு. பொருந்தாதவற்றுக்குக் கழித்தல். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் ஒரே குழந்தை, இன்னோர் எல்லைக்குக் கீழே போனால் வேறு குழந்தை. நடுவில் நிற்பவற்றை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

இணைக்கலாம் சரி, யார் பார்க்கலாம்? இந்தக் கோப்புகளில் இருப்பது ஒரு குழந்தையின் மிக அந்தரங்கமான துயரம். அதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் 1995 நவம்பரில் நியூயார்க்கில் ஆறு வயதுச் சிறுமி எலிசா அடித்துக் கொல்லப்பட்டபோது, பலர் முன்பே எச்சரித்தும் துறை என்ன செய்தது என்ற கேள்விக்கு அதிகாரிகள் ரகசியச் சட்டத்தைக் காட்டி வாய் திறக்க மறுத்தார்கள். இறந்த பிள்ளைக்கு அந்த மௌனத்தால் என்ன பாதுகாப்பு? மறுஆண்டே ‘எலிசா சட்டம்’ வந்து அந்தப் பூட்டைத் தளர்த்தியது.

அதே 1996இல் குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும் திருத்தப்பட்டது. நலத்துறையின் வேலையை மேற்பார்வையிட மாநிலங்கள் தன்னார்வலர்களைக் கொண்ட குடிமக்கள் மறுஆய்வுக் குழுக்களை அமைக்க வேண்டும், குழு தன் வேலைக்குக் கேட்கும் தகவலைத் தர வேண்டும். கூடவே ஒரு கட்டளை: எந்தக் குழந்தையையும் அடையாளம் காட்டும் விவரத்தை உறுப்பினர்கள் யாரிடமும், அரசு அதிகாரியிடமும்கூட, சொல்லக் கூடாது. பார்க்கும் உரிமையையும் வாய்க்கட்டையும் ஒருசேரக் கொடுத்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

பெயரை அழித்துவிட்டுக் கொடுத்தால் போதாதா? போதாது. 1990களின் பிற்பாதியில், மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, பெயர் நீக்கப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளையும் 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே கண்டெடுத்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு — இவ்வளவுதான் தேவைப்பட்டது. சிறிய ஊரில், வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க இதில் பாதிகூட வேண்டாம்.

அதனால் வேலையைப் பிரித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1995 முதல் நடக்கும் முறையில், பதிவுகளை இணைப்பவர் பெயர், தேதி, முகவரியை மட்டும் பார்ப்பார். கோப்பின் உள்ளடக்கம் அவரிடம் வராது. ஆய்வு செய்பவரிடம் உள்ளடக்கம் போகும், பெயர் போகாது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009இல் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெயரையே மறைத்தார்கள். பெயரை இரண்டிரண்டு எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கணக்கின் வழியே அனுப்பி, பூச்சியங்கள் நிறைந்த நீண்ட வரிசையில் சில இடங்களை 1 என்று மாற்றுவது அவர்கள் முறை. ஓர் எழுத்து பிழையான பெயரும் ஏறக்குறைய அதே வரிசையைத் தரும். பெயர் தெரியாமலே, இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று சொல்லிவிடலாம். இதுவும் உடைக்க முடியாத பூட்டு அல்ல. அடிக்கடி வரும் பெயர்களை, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைக் கொண்டு ஊகிக்க முடியும் என்று பிறகு காட்டப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தைகளில் சுமார் 37 சதவீதம் பேர் 18 வயதுக்குள் ஒரு முறையாவது நலத்துறை விசாரணைக்கு உள்ளாகிறார்கள் என்று 2017இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கறுப்பினக் குழந்தைகளில் அது 53 சதவீதம். ஒரு கோப்பு இருக்கிறது என்றால், அந்த வீட்டை யாரோ கவனித்தார்கள் என்றும் பொருள். சில வீடுகள்மேல் அந்தப் பார்வை அதிகமாகவே விழுகிறது. குடிமக்கள் மறுஆய்வுக் குழுவிடம் இணைந்த பதிவுகள் போனால், சீக்கிரமாக மூடப்பட்ட கோப்பு எது என்பதோடு, தேவையில்லாமல் தட்டப்பட்ட கதவு எது என்றும் கேட்க முடியும். ஒரு பிள்ளை இறந்தால் முதல் கேள்வி செய்தித்தாளில் வந்துவிடும். இரண்டாவது கேள்வியைக் கேட்க அந்தக் குழுவை விட்டால் வேறு ஆள் அரிது.