எஞ்சின் எண்ணெய்களின் கலப்பு

மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஒரு கம்பனியின் எண்ணெயோடு பிறிதொரு கம்பனியின் எண்ணெயைக் கலத்தல் ஆகாது என்னும் எச்சரிக்கை, வண்டியோட்டுவோரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கலந்தால் எண்ணெய் திரைந்துவிடும் என்பாரும், எஞ்சின் இறுகிவிடும் என்பாரும் உளர். இவ்வச்சத்துக்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. காரணம் நீங்கிய பின்னரும் அச்சம் மட்டும் நின்றுவிட்டது.

மோட்டார் வண்டி தோன்றிய முதற் சில பத்தாண்டுகளில் எஞ்சினுக்கு இடப்பட்ட எண்ணெய்கள் ஓரினத்தன அல்ல. நிலத்தினின்றும் எடுக்கப்படும் கனிய எண்ணெயேயன்றி, நம்மவர் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெயும் எஞ்சின்களில் ஊற்றப்பட்டது. இங்கிலாந்திலே சார்ள்ஸ் வேக்பீல்டின் கம்பனி 1909ஆம் ஆண்டில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த உராய்வுநீக்கி ஒன்றை விற்கத் தொடங்கியபோது, ஆமணக்கைக் குறிக்கும் 'காஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லினின்றே அதற்குக் காஸ்ட்ரோல் எனப் பெயரிட்டது. முதலாம் உலகப் போரிற் பறந்த விமானங்கள் பலவற்றில், உருளைகளே தண்டைச் சுற்றிச் சுழலும் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் பெற்றோலும் எண்ணெயும் ஓரிடத்தே சந்தித்தமையால், பெற்றோலிற் கரைந்து நீர்த்துப்போகாத ஆமணக்கெண்ணெயே வேண்டப்பட்டது. அதே குணத்தால் அது கனிய எண்ணெயோடும் செவ்வனே கலப்பதில்லை. வெப்பத்திற் பிசினாகப் படிதலும் அதன் இயல்பு. "கலவாதே" என்ற சொல் அன்று மெய்ச்சொல்லே.

இரண்டாவது காரணம் 1930களில் எழுந்தது. டீசல் உழவுப்பொறிகளில் ஆடுதண்டின் வளையங்கள் கரியிற் சிக்கி ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும்பொருட்டு, அழுக்ககற்றும் இரசாயனப் பொருள்கள் எண்ணெயிற் சேர்க்கப்பட்டன. வெற்றெண்ணெயிற் பல்லாயிரம் மைல் ஓடி அழுக்கேறிய பழைய எஞ்சினில் இத்தகைய எண்ணெயை ஊற்றினால், நெடுநாட் படிந்திருந்த கசடு பெயர்ந்து எண்ணெய் செல்லும் நுண்வழிகளை அடைக்கக்கூடும். குற்றம் கசட்டினது, பழி கலப்பின்மேல் விழுந்தது.

இன்று நிலைமை வேறு. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் தர முத்திரையைப் பெற விரும்பும் எஞ்சின் எண்ணெய், முன்மாதிரியாக வைக்கப்பட்ட பிற எண்ணெய்களோடு கலக்கப்பட்டு, சூடாக்கியும் குளிர்வித்தும் சோதிக்கப்படுகின்றது. அக்கலவை பிரியாமலும் படியாமலும் இருத்தல் வேண்டும். செயற்கை எண்ணெய் என விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவற்றின் அடிப்படைப் பொருள்களும் ஐதரோகாபன்களே. ஆதலின் அவையும் கனிய எண்ணெயோடு தடையின்றிக் கலக்கும்.

ஆயின், கலத்தல் வேறு, கலவை நன்றாயிருத்தல் வேறு. எண்ணெயின் தடிப்பை, அதாவது பாகுநிலையைக் குறிக்கும் எண்கள், அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தால் 1911ஆம் ஆண்டிற் தொடங்கிப் பன்முறை திருத்தப்பட்டு வந்தவை. 100 பாகை செந்திகிரேட்டில், செக்கனுக்குச் சதுர மில்லிமீற்றர் என்னும் அளவையில், 30ஆம் தரத்தின் பாகுநிலை 9.3 முதல் 12.5 வரையும், 40ஆம் தரத்தினது 12.5 முதல் 16.3 வரையும் ஆகும். பாகுநிலை 10 உடைய எண்ணெயோடு 20 உடையதைச் சம அளவிற் கலந்தால் 15 வருமென மாணவன் கணிப்பான். வருவது ஏறக்குறைய 14. மெல்லிய எண்ணெயின் செல்வாக்கே கலவையில் ஓங்குகின்றது.

10டபிள்யூ-40 என்பதிலுள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. குளிரில் எண்ணெயின் போக்கை மெழுகும், அம்மெழுகு உறைவதைத் தடுக்கும் சேர்க்கைப் பொருளும் தீர்மானிக்கின்றமையால், இரு எண்ணெய்களின் கலவை எவ்வாறு நடக்குமென்பதைக் கணக்கிட்டுக் கூறல் அரிது. கனடாவில் இது கவலைக்குரியது. 10டபிள்யூ எண்ணெய் சோதிக்கப்படுவது உறைநிலைக்குக் கீழே 25 பாகையில். உறைபனி விழும் நுவரெலியாவிற்கூட அதை எண்ணி வருந்த வேண்டியதில்லை.

சேர்க்கைப் பொருள்களே கூடிய கவனத்துக்குரியன. நாகமும் பொசுபரசும் கந்தகமும் அடங்கிய ஒரு சேர்வை உலோகத் தேய்வைத் தடுக்கின்றது. ஆனாற் பொசுபரசு புகைக்குழாயிலுள்ள ஊக்கியை நலிவிக்கும். எனவே புதிய பெற்றோல் வண்டிகளுக்கான மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவு நூற்றுக்கு 0.06 முதல் 0.08 வரையென வரையறுக்கப்பட்டுள்ளது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பூட்டிய டீசல் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். கரியை எரித்தகற்றலாம், சாம்பலை அவ்வாறு அகற்ற இயலாது. இத்தகைய எண்ணெயோடு பழைய வகை எண்ணெயைக் கலப்பவர், உயர்ந்த எண்ணெய்க்குக் கொடுத்த பணத்தின் பயனை இழக்கின்றார். கலவையைத் தாழ்ந்த எண்ணெயின் தகுதியுடையதாகவே கொள்ளல் வேண்டும்.

இவையாவும் உண்மையாயினும், இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. நெடுவழியில் அளவுகோல் கீழ்க்கோட்டுக்குக் கீழே காட்டவும், "என் கம்பனி எண்ணெய் இங்கில்லை" என்று வண்டியை மேலும் ஓட்டிச் செல்வாரைக் காண்கிறோம். தண்டுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே நிற்பது தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் குறைந்து பம்பி காற்றை உறிஞ்சத் தொடங்கினால் அப்படலம் அறும். உலோகம் உலோகத்தை உரசும். சில நிமிடங்களில் எஞ்சின் பாழாகலாம். வேற்றுக் கம்பனியின் எண்ணெய் அரை லீற்றர் இத்தகைய தீங்கு செய்வதில்லை. ஏற்ற தரத்தை, அது இல்லாவிடில் அதற்கு அண்மையதை, ஊற்றிக்கொண்டு, அடுத்த எண்ணெய் மாற்றத்தைச் சற்று முற்படுத்தினாற் போதும்.

மோட்டார்ச் சைக்கிளுக்கு இவ்விலக்கு அப்படியே பொருந்தாது. அவற்றுட் பலவற்றில் கிளச்சும் எஞ்சின் எண்ணெயிலேயே தோய்ந்திருப்பதால், கார்களுக்கென உராய்வு மிகக் குறைக்கப்பட்ட எண்ணெயை அவற்றில் ஊற்றினால் கிளச்சு வழுக்கும். அதன் பொருட்டே யப்பானியர் அவற்றுக்கு 'ஜாசோ எம்.ஏ.' எனத் தனிக்குறி வகுத்துள்ளனர். அது போத்தலின் பின்புறத்தே, பெரும்பாலும் சிற்றெழுத்தில், அச்சிடப்பட்டிருக்கும்.