நாஜிக் கால நிகழ்ச்சி பேட்ஜ்கள்

ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியில் கட்சி மாநாடு, மே தினம், விளையாட்டுப் போட்டி, சிற்றூர்க் கூட்டம் என எது நடந்தாலும் அதற்கென ஒரு பேட்ஜ் அடிப்பது வழக்கமாக இருந்தது. முன்புறம் ஊர்ப் பெயர், தேதி, சின்னம். பின்புறம் சட்டையில் குத்திக்கொள்ள ஊசி. சேகரிப்பவர்கள் ‘டின்னி’ என்று அழைக்கும் இவை வீரத்துக்கு வழங்கிய பதக்கங்கள் அல்ல. சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டவை. அதனால்தான் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு கொடுங்கோல் ஆட்சி சாதாரண மனிதனின் சட்டைவரை எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சாட்சி குறைவு என்றே நினைக்கிறேன்.

1934 மே தின பேட்ஜைப் பாருங்கள். கவிஞர் கதேயின் முகம், கழுகு, கூடவே சுத்தியலும் அரிவாளும். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாஜி அரசு மே 1ஐ விடுமுறையாக அறிவித்தது. அந்த விடுமுறைக்கு மறுநாளே தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையில் தள்ளியது. சங்கத்தை அழித்தவர்கள் உழைப்பாளர் சின்னத்தை மட்டும் தொழிலாளியின் நெஞ்சில் குத்தி அனுப்பினார்கள்.

இன்னொரு பெரும் தொகுதி, 1933இல் தொடங்கிய குளிர்கால நிவாரண வசூலுக்கானது. தெருவில் உண்டியல் குலுக்குவார்கள். காசு போட்டவருக்கு ஒரு சிறு பேட்ஜ். பீங்கான் பூ, கண்ணாடி, மரப்பொம்மை, அம்பர், சரிகைப் பின்னல் என வகைவகையாகச் செய்தார்கள். எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் மரச் சிற்பிகள்போல நலிந்த கைத்தொழில்காரர்களுக்கு அதனால் வேலை கிடைத்தது. வரிசை வரிசையாக வந்ததால் குழந்தைகள் அப்போதே ஆசையாகச் சேர்த்தார்கள். பேட்ஜ் இல்லாத சட்டையோ, காசு போடாதவரைக் காட்டிக்கொடுத்தது. 1935 முதல் யூதர்களுக்கு இந்த நிவாரணம் மறுக்கப்பட்டது என்பதையும் அந்த அழகிய பூக்களோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த பேட்ஜ்களை வாங்க நினைத்தால், போலிகள் மலிந்த சந்தை இது. அசல் உலோக பேட்ஜ்கள் பெரும்பாலும் அச்சில் அழுத்தி அடித்தவை. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து உருக்கி வார்த்த நகலில் விளிம்பு மழுங்கி, நுண்ணிய குமிழித் துளைகள் தெரியும், அளவும் சற்றுச் சுருங்கியிருக்கும். பின்புறத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா, ஊசியும் கீலும் அக்காலத்தவையா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெயர் பொறித்திருப்பது மட்டும் போதாது. அதையும் போலியாகப் பொறிக்கிறார்கள்.

வாங்கும் முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியின் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவு, ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆராய்ச்சி, கலை, வரலாற்றுக் கல்விக்கு விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா 2024 ஜனவரி முதல் பொதுக் காட்சியோடு வணிகத்தையும் தடைசெய்திருக்கிறது. வாங்கும் நாடு, அனுப்பும் நாடு இரண்டின் விதியையும் பாருங்கள்.

கிடைத்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழைய மேற்பூச்சு போய்விடும். ஈரமில்லாத இடத்தில் வைத்து, யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதிவையுங்கள். அந்த நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்பதும் அதே அட்டையில் இருக்கட்டும். 1935 நியூரம்பெர்க் மாநாட்டு பேட்ஜ் என்றால், அந்த மாநாட்டின்போது செப்டம்பர் 15 அன்றுதான் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறியது என்று எழுத வேண்டும்.