பாட்டில் கேட்ட கிட்டார் ஒலி நம் கையில் வருமா?

பேராக்கில் திருமண விருந்தானாலும் கோயில் திருவிழாக் கலை இரவானாலும், மேடையில் பாடகர் இருக்கிறார். பின்னணி இசையோ பல நேரங்களில் கரோக்கே தடத்திலிருந்து வருகிறது. கிட்டார் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இல்லாமல் இல்லை. பாட்டில் கேட்கும் அதே ஒலி தங்கள் கிட்டாரில் வருவதில்லை என்பதே அவர்களில் பலரைத் தயங்க வைக்கிறது. அந்த ஒலியைத் தேடி, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துப் பெட்டி வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. டிஜிட்டல் ஆம்ப் மாடலர் என்ன செய்யும், எதைச் செய்யாது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் அந்தப் பணம் மிச்சமாகும்.

மாடலர் என்றால் என்ன?

எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வெளிவருவது மிகச் சிறிய மின் சமிக்ஞைதான். அதற்கு நிறம் கொடுப்பது ஆம்ப். வால்வு ஆம்பை நன்றாகச் சத்தமாக வைத்தால்தான் அதன் செழுமையான கரகரப்பு முழுதாக வரும். தோட்டத்தை விட்டு வந்து தாமானில் வரிசை வீட்டிலோ அடுக்குமாடியிலோ குடியேறிய குடும்பங்களுக்கு, ஒரே சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்கும்போது, அது நடக்காத காரியம்.

அந்த ஆம்ப் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்கிட்டு, அதே ஒலியை ஹெட்ஃபோனிலேயே தருவதுதான் மாடலர். 1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' இதை வீடுகளுக்குள் பரவலாகக் கொண்டு சேர்த்தது. 2011இல் வந்த 'கெம்பர்' கருவி, உண்மையான ஆம்ப் ஒன்றின் குணத்தையே பதிவு செய்து வைத்துக்கொள்ளும். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் இலவசம். கணினியும் கிட்டாரை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் போதும்.

பதிவில் இருப்பது ஆம்ப் மட்டுமல்ல

ஆம்பின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒலி வந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பதிவில் நாம் கேட்பது ஆம்ப், ஸ்பீக்கர், அதன்முன் வைத்த மைக், அறை, கடைசியாக ஒலிக்கலவை செய்தவரின் கை எல்லாம் சேர்ந்த ஒலி. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மையை வெகுவாகக் குறைத்துவிடும். மாடலரில் ஸ்பீக்கர் பகுதியை அணைத்துவிட்டால் வண்டு ரீங்காரம் போன்ற ஒலி வருவது அதனால்தான். ஆம்பை மாற்றுவதைவிட ஸ்பீக்கரையும் மைக் வைத்த இடத்தையும் மாற்றிப் பார்ப்பது பல நேரங்களில் அதிக வித்தியாசம் தரும்.

முதலில் காது, பிறகு கருவி

1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலை எடுத்துக்கொள்வோம். இளையராஜாவின் இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார் அக்கூஸ்டிக் வகை. அதற்குக் கரகரப்பான ராக் ஆம்பைத் தேடுவது வீண் வேலை. 'சேர்ச்' குழுவின் 'இசபெல்லா' (1989) போன்ற ராக் பாடலுக்கோ நீண்டு நிற்கும் கரகரப்பு வேண்டும். எந்த வகைக் கிட்டார் என்று கண்டுபிடிப்பதே முதல் படி.

பழைய பாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேசட்டிலிருந்து இணையத்தில் ஏற்றிய பதிவுகளில், நாடா ஓடிய வேகத்தைப் பொறுத்துச் சுருதி சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். ஒலியின் கூர்மையும் மங்கியிருக்கும். கூடுமானவரை நல்ல பதிவைத் தேடி, கிட்டாரை அந்தப் பாட்டின் சுருதிக்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பாட்டில் கிட்டார் தனியாகக் கேட்கும் பத்து விநாடிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.
2. கிட்டாரில் எந்த பிக்அப் என்று முடிவு செய்யுங்கள். கழுத்துப் பக்கம் உள்ளது குழைவாகவும் பாலத்துப் பக்கம் உள்ளது கூராகவும் ஒலிக்கும்.
3. கேய்னைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ராக் பதிவுகளில் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வைப்பது வழக்கம். அந்தத் தடிமனைக் கேய்னால் கொண்டுவர முயன்றால் ஒலி குழம்பிவிடும்.
4. அடுத்து ஸ்பீக்கரும் மைக்கும். அதன் பிறகே பாஸ், மிட், ட்ரெபிள்.
5. எதிரொலி விளைவுகளான ரிவெர்ப், டிலே இரண்டையும் கடைசியில் சேருங்கள்.
6. வாசித்ததைப் பதிவு செய்து, பாட்டின் சத்த அளவுக்கே வைத்து மாறி மாறிக் கேளுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் காது ஏமாந்துவிடும்.

சில கருவிகளில் இரண்டு ஒலிகளையும் தானே ஒப்பிட்டுச் சரிசெய்யும் 'டோன் மேட்ச்' வசதி உண்டு. கிட்டார் தனித்து ஒலிக்கும் பகுதி கிடைத்தால்தான் அது சரியாக வேலை செய்யும். குரலும் டிரம்ஸும் கலந்திருந்தால் அவற்றின் நிறத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

மேடைக்குப் போகும்போது

வீட்டில் மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாகவே எட்டும். அவற்றை ஏற்றி வைத்த ஒலி, மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் இரைச்சலாகும். அதனால் இரண்டையும் குறைத்து, மிட்டைச் சற்றுக் கூட்டி, தனி அமைப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்கும்போது மெலிந்ததாகத் தோன்றும் ஒலிதான் தபேலா, கீபோர்டு, குரல் நடுவே தெளிவாக எடுபடும். மாடலரை நேரடியாக மிக்சரில் இணைத்தால் ஸ்பீக்கர் பகுதி இயங்கட்டும். கிட்டார் ஆம்பில் இணைத்தால் பெரும்பாலும் அதை அணைத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அச்சு அசலான ஒலி வந்துவிடாது. விரல் அழுத்தமும் பிக் பிடிக்கும் விதமும் வாசித்தவருக்கே உரியவை. ஆனால் மேடையில் கேட்பவர் 'அந்தப் பாட்டுதான்' என்று உடனே அடையாளம் காணும் அளவுக்கு நெருங்கிவிடலாம். விலை உயர்ந்த கருவிக்குப் பணம் கட்டுமுன், இலவச மென்பொருளில் ஒரே ஒரு பாட்டின் பத்து விநாடியை இந்த வரிசைப்படி முயன்று பாருங்கள். உங்களுக்கு எந்தக் கருவி தேவை என்பதும், தேவையா என்பதுமே அதில் தெரிந்துவிடும்.