தகவல் துளி: அடுத்து என்ன படிக்கலாம்?

கையிலிருந்த புத்தகம் முடிந்துவிட்டதா? தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலை எடுங்கள். 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. தலைப்பு, கணியன் பூங்குன்றனார் பாட்டில் வருவது. கொங்கு நாட்டுக் கிராமத்தில், ஊராரின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டிய குடிநாவிதர் காரு மாமா. அவர் இறந்த செய்தி கேட்டு உறவுகள் வந்து சேர்கிறார்கள். அழுகையும் பழைய மனத்தாங்கலும் ஒரே வீட்டுக்குள் கலக்கின்றன. சின்ன நாவல்தான். அண்மையில் வந்தவற்றில் முதலில் இதைத்தான் சொல்வேன்.

தன்வரலாறு பிடிக்குமென்றால், அருந்ததி ராய் தம் தாய் மேரி ராயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, 2025-இல் வெளிவந்த ‘மதர் மேரி கம்ஸ் டு மீ’ இருக்கிறது. கேரள சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தகப்பன் சொத்தில் சம பங்கு உண்டென்று 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியவர் மேரி ராய். கோட்டயத்தில் பள்ளி நடத்தியவர். அந்தத் தாயின் கடுமையை மகள் மறைக்கவில்லை. அவர் மீதுள்ள மதிப்பையும் குறைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இவை இல்லையென்றால், வாங்கி வைக்கச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள்.